மிதக்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எட்டு வயதில் தேவனாம்பட்டினக் கடலில் அப்பாவின் உள்ளங்கைகள் மேல் மல்லாந்து கிடந்தவள் நான். அவர் எப்போது கையை எடுத்தார் என்பதே தெரியாமல் மிதந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை வந்த சுனாமிக்குப் பிறகு அந்தக் கடலில் கணுக்காலைக்கூட நனைத்ததில்லை. எங்கள் வீட்டில் அன்று எவரையும் இழக்கவில்லை; பிள்ளைகளைப் பறிகொடுத்த குப்பத்துக் குடும்பங்களே மீண்டும் தொழிலுக்குப் போனபோது, என் பயத்தை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லாத பயம் கடலோடு நிற்கவில்லை. பள்ளியில் எதற்கும் முந்திக்கொண்டு கையுயர்த்தியவள், அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்று சொல்லப் பழகினேன். பதவி உயர்வு விண்ணப்பத்தை இரண்டு முறை வாங்கி வந்து நிரப்பாமலே வைத்துவிட்டேன்.

44 வயதில் என்னை நீச்சல் குளத்துக்கு இழுத்துச் சென்ற நாத்தனாருக்கு முதல் நன்றி. (முதலில் போன இடத்தில் "இந்த வயதில் எதற்கு?" என்றார்கள். அவர்களுக்கும் ஒருவகையில் கடன்பட்டிருக்கிறேன், ரோஷம் வந்தது.)

பயிற்சி தந்த தங்கை முதல் வாரம் முழுவதும் கைகால் அடிக்கவே விடவில்லை. மூச்சை நிறைய இழுத்து நிறுத்தினால் நுரையீரலே உடலைத் தூக்கும் என்றும், பயத்தில் தலையை உயர்த்தும்போதுதான் இடுப்பும் காலும் தாழ்கின்றன என்றும் சலிக்காமல் விளக்கினார். புரிந்தது, ஆனாலும் பதினொரு நாள் தலையை உயர்த்தினேன். பன்னிரண்டாம் நாள், அருகில் மிதந்துகொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி, "அத்தை, வானத்தைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். காதில் தண்ணீர் புகுந்து சத்தமெல்லாம் அடங்கியது. கால்கள் தாமாக மேலே வந்தன. அந்தக் குழந்தைக்கு நன்றியோடு ஒரு பொட்டலம் கமர்கட்டும் பாக்கி.

கடலுக்கு அழைத்துச் சென்ற சோதிக்குப்பத்துப் பெரியவர், மூன்று ஞாயிறு "இன்னைக்கு நீவாடு சரியில்லம்மா" என்று கடல் நீரோட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கடலறிந்தவரே காத்திருக்கிறார் என்பதைக் கண்டபின், என் பயம் எனக்கு அவமானமாகத் தோன்றவில்லை. நான்காம் ஞாயிறு, அவர் மகன்கள் இருவர் படகில் அருகிலேயே நிற்க, அலை உடையும் இடத்துக்கு அப்பால் மல்லாந்தேன். நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி மிகுந்த கடல்நீர், குளத்தைவிட எளிதாகவே தாங்கியது.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. சிறுவயதில் அக்கதையைக் கேட்டு "அப்புறம்?" என்று மட்டுமே கேட்டவள், வளர்ந்தபின் "அதெப்படி?" என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். அன்று படகருகே கிடந்தபோது மீண்டும் அந்த "அப்புறம்?" வாயில் வந்தது.

விண்ணப்பத்தை இந்த முறை கொடுத்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அப்பா, தலையைத் துவட்டத் துண்டை நீட்டியபடி, நான் கேட்காமலே சொன்னார்: "அன்னைக்கு ரெண்டாவது அலையிலேயே கையை எடுத்துட்டேன்."

நன்றியுடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருத்தி,
கடலூர்.