ஆறுமணிக்குருவியின்ர பேரைப் பலகையில எழுதுங்கோ

கொழும்பைச் சுத்தியுள்ள ஈரநிலப் பூங்காக்களிலயும் குளக்கரையளிலயும் தகவல் பலகை வைக்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில இருக்கிறன், குருவி பாக்கப் போறது பத்து வருசமா என்ர பழக்கம். எந்தப் பூங்காவையும் பேர் சொல்லிக் குறை சொல்ல இதை எழுதேல்ல, பலகையளில குருவியளின்ர தமிழ்ப் பேரைச் சரியா எழுதுங்கோ எண்டு கேக்கத்தான் எழுதுறன்.

போன தை மாசம் ஒரு சனிக்கிழமை, விடியக் காலமை அஞ்சேகாலுக்கு, நாங்க நாலு பேர் ஒரு கார்ல வெளிக்கிட்டம். நானும் என்ர மச்சாளும், தெஹிவளையில இருக்கிற ஒரு முஸ்லிம் நானாவும், பிலியந்தலையில இருந்து வாற எங்கட சிங்கள நண்பனும். எங்கட ஊரில பனியும் இல்ல குளிரும் இல்ல, வடக்கால இருந்து வலசை வாற குருவியளைப் பாத்துத்தான் மாரிக்காலம் வந்திட்டுது எண்டு எங்களுக்குத் தெரியும். கரண்ட் வயரில தகைவிலான் வரிசையா வந்து குந்தினா எனக்கு அதுதான் கலண்டர்.

முதல்ல பெல்லன்வில அத்திடிய பக்கம் போனம். 1990ல சரணாலயமா அறிவிச்ச இடம், இப்ப நாலாபக்கமும் வீடுதான், ஆனா விடியப்புறம் அந்தச் சதுப்புக்கு மேல புகார் கிடக்கேக்க வடிவாத்தான் இருக்கு. ரோட்டோரம் காரை நிப்பாட்டி கண்ணாடியை இறக்கினா, கைக்கெட்டுற தூரத்தில ஒரு கொக்கு, மண் நிறத்தில, அசையாம நிக்குது. நாங்க கதவைத் திறக்குமட்டும் அசையேல்ல, திறந்த உடன வெள்ளைச் சிறகை விரிச்சுக்கொண்டு பறந்துது, அவ்வளவு நேரமும் அதுக்குள்ள அந்த வெள்ளை எங்க இருந்துது எண்டு ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியம். தமிழில அதுக்குக் குருட்டுக்கொக்கு எண்டு பேர். சிங்களத்தில என்ன எண்டு நண்பனிட்டக் கேட்டன், கண கொக்கா எண்டான், அரைக்குருட்டுக் கொக்கு எண்டுதானாம் அர்த்தம். கிட்டப் போனாலும் பறக்காம நிக்கிறதால கண் தெரியாது எண்டு நினைச்சிருக்கினம். ரெண்டு பாசைக்காரரும் ஒரே வயலில நிண்டு ஒரே கொக்கைப் பாத்து ஒரே முடிவுக்கு வந்திருக்கினம், இதைச் சொல்லி நாங்க கனநேரம் கதைச்சுக்கொண்டிருந்தம்.

பேந்து கடையில பாணும் சம்பலும் பிளேன் டீயும். அங்கால தலங்கமக் குளம். மீசை ஆலா குளத்துக்கு மேல வட்டம் போட்டுக்கொண்டு திரிஞ்சுது, ஆம்பல் இலைக்கு மேல நீலத் தாழைக்கோழி சிவத்தக் காலைத் தூக்கித் தூக்கி வைச்சு நடந்துது. குளத்தைத் தாண்டி வயலுக்குள்ளால போற ஒடுக்கமான ரோட்டில ஒரு வேலிக்குக் கீழ ஏழெட்டுப் புலுனி சருகைக் கிளறிக்கொண்டு நிண்டுது, அதுகளின்ர சத்தம் தெரியுந்தானே. நான் புலுனி எண்டன். சிங்கள நண்பன் கொஞ்சம் தயங்கி, எங்கட ஆக்கள் இதுக்கு தெமலிச்சா எண்டு சொல்லுவினம் மச்சான் எண்டான். தமிழரைச் சிங்களத்தில சொல்லுற தெமள எண்ட சொல்லு அதுக்குள்ள கேக்குது, அதுதான் அவனுக்கு ஒரு மாதிரிப் போச்சுது. எனக்குக் கோவம் வரேல்ல. ஒண்டு உயரத்தில ஏறிக் காவல் நிக்க மற்றதெல்லாம் கீழ மேயுது, ஒண்டை விட்டு ஒண்டு தூரப் போகாது, இதைப் பாத்து ஆரோ எங்கட சனத்தை நினைச்சிருந்தா நினைச்சிட்டுப் போகட்டும், எனக்கு அது நல்ல பேராத்தான் படுது.

இவ்வளவத்தையும் ஏன் சொல்லுறன் எண்டா, ஒரு பேருக்குள்ள இவ்வளவு இருக்கு. ஆரோ நிண்டு பாத்தது, கேட்டது, பயந்தது எல்லாம் அதுக்குள்ள கிடக்கு.

பின்னேரம் ஒரு ஈரநிலப் பூங்காவுக்குப் போனம். மரப்பலகை நடைபாதை, வடிவான இடம், சுத்தமா வைச்சிருக்கிறீங்க, அதுக்கு மனசார நன்றி. ஒரு வளைவில குருவிப் படம் போட்ட பலகை. பச்சை முதுகு, வயித்துக்குக் கீழ சிவப்பு, கண்ணுக்குக் குறுக்க கறுப்புக் கோடு. சிங்களத்தில அவிச்சியா எண்டு பெரிசா எழுதியிருந்துது, அது அந்தக் குருவியின்ர சத்தத்தில இருந்து வந்த பேர், மயில் தன்ர உடுப்பைக் களவெடுத்திட்டுது எண்டு அது கத்தித் திரியுதெண்டு ஒரு கதையே அவையளிட்ட இருக்கு. கீழ இங்கிலீஷ். அதுக்கும் கீழ, சின்ன எழுத்தில, தமிழில "இந்தியன் பிட்டா". பக்கத்துக் கொக்குப் பலகையில எழுத்தே உடைஞ்சு போச்சு, கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம்.

அந்த நேரம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் சுற்றுலா வந்திருந்தவை. எட்டு வயசிருக்கும், ஒரு பிள்ளை விரலால தொட்டுத் தொட்டு அந்த வரியை வாசிச்சிட்டு, "பிட்டா எண்டா என்ன டீச்சர்?" எண்டு கேட்டா. டீச்சர் பாவம், பலகையைத் திரும்பவும் பாத்தா, அதில வேற ஒண்டும் இல்ல. என்ர மச்சாள்தான் பிள்ளைக்குப் பக்கத்தில குந்தி, இதுக்கு ஆறுமணிக்குருவி எண்டு பேர் அம்மா, விடியவும் பொழுது படேக்கயும்தான் கத்தும் எண்டு சொன்னா. பிள்ளை உடன டீச்சரின்ர கையைப் பிடிச்சுத் திருப்பி மணிக்கூட்டைப் பாத்துது. மணி நாலரை. அவையளின்ர பஸ் அஞ்சு மணிக்கு.

தமிழும் அரசகரும மொழி எண்டு 1987ல அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தில எழுதியாச்சு. 2018ல டுபாயில நடந்த ராம்சார் எண்ட உலக ஈரநில மாநாட்டில கொழும்பை ஈரநில நகரமா அங்கீகரிச்சவை, உலகத்திலயே முதல் 18 நகரங்களில ஒண்டு, எனக்கு அதில சரியான பெருமை. இந்த நகரத்தில வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் தெமட்டகொடையிலயும் தமிழ் பேசிற சனம் எவ்வளவு இருக்கு எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பலகையில தமிழ் வரி இருக்குத்தானே எண்டு நீங்க கேக்கலாம். இருக்கு, ஆனா அந்த வரியை ஆரும் வாசிப்பினம் எண்டு நினைச்சு எழுதின மாதிரி இல்ல.

நான் கேக்கிறது பெரிய செலவுள்ள வேலை இல்ல. அடுத்த தரம் பலகை அச்சுக்குப் போக முதல் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டுங்கோ, கம்ப்யூட்டர்ல இருக்கிறதை இல்ல, அச்சடிச்ச தாளைக் காட்டுங்கோ, ஏனெண்டா எழுத்து உடையிறது அங்கதான். இங்கிலீஷ் பேரைத் தமிழ் எழுத்தில போடாம சனம் சொல்லுற பேரைப் போடுங்கோ. தமிழ்நாட்டுப் புத்தகத்தில தவிட்டுக்குருவி எண்டிருக்கும், எங்களுக்கு அது புலுனி, அங்க செம்போத்து, இங்க செம்பகம். ரெண்டையும் போட்டாலும் நல்லம். எங்கட நானா சொல்லுறார், அவற்ற உம்மா வேற பேரெல்லாம் சொல்லுவாவாம், அதையும் கேட்டு எழுதவேணும், அந்த வயசு ஆக்கள் இருக்கேக்கயே.

நாங்க நாலு பேரும் ஒரு கொப்பியில எழுதத் தொடங்கிட்டம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் சிங்களம், பேர் வந்த காரணம் தெரிஞ்சா அதுவும். இலவசமாத் தாறம், எங்கட பேர் எங்கயும் போடவேண்டாம்.

அண்டைக்கு நாங்க பூட்டுமட்டும் நிண்டம். ஆறுக்குக் கொஞ்சம் முந்தி, பத்தைக்குள்ள இருந்து ரெண்டு விசில், மேல ஒண்டு கீழ ஒண்டு, பேந்து தூரத்தில இன்னொண்டு பதில் சொல்லிச்சுது. ஏப்ரல் மட்டும் இங்கதான் நிக்கும், பேந்து இமயமலை அடிவாரப் பக்கம் திரும்பிப் போயிடும். அது போக முதல் அந்த ஒரு பலகையையாவது மாத்துங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு குருவி பாக்கிறவன்