விறகுக்கு ஏற்றது என்று விற்ற 42 சிசி செயின்ஷா: பார், அரம், ஆயில் பம்ப், வாரண்டி மறுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் 42 சிசி செயின்ஷாவை வாங்கிய விவசாயிகள், அதைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர்கள்,
நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: வீட்டு உபயோக 42 சிசி பெட்ரோல் செயின்ஷாவில் உள்ள குறைகளைச் சரிசெய்யவும், மறுக்கப்பட்ட வாரண்டியை மறுபடி பரிசீலிக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் 42 சிசி செயின்ஷாவின் பெட்டியிலும் விளம்பரத் தாளிலும் விறகு அறுக்க ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பி இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு வாங்கியவர்களும், பழுதாகி வரும்போது பிரித்துப் பார்ப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். சேவை மையத்தில் கேட்டால், வீட்டு உபயோக மிஷின் விறகுக்குத் தாங்காது, அறுபது சிசி வாங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதை நாங்கள் ஒப்பவில்லை. வீட்டு அடுப்புக்கும், பயினி (பதநீர்) காய்ச்சவும், நெல் அவிக்கவும் ஓரடி விட்டத்துக்கு உட்பட்ட கட்டையை ஒன்றரை அடித் துண்டாகப் போட 42 சிசி இன்ஜின் போதும். பெரிய மிஷினில் ஏறும் ஒன்று ஒன்றரைக் கிலோ, குனிந்தே வேலை செய்கிறவரின் இடுப்பில்தான் இறங்கும். எங்கள் புகார் அந்த இன்ஜினோடு நீங்கள் பூட்டித் தரும் சாமான்களைப் பற்றியும், சொல்லாமல் விட்ட விவரங்களைப் பற்றியும்.

முதலில் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. 42 சிசிக்கு 18 அங்குல பார் கொடுத்திருக்கிறீர்கள். ஓரடிக் கட்டைக்குள் 16 அங்குலப் பாராக இருந்தாலும் 18 ஆக இருந்தாலும் ஒரே அளவு பற்கள்தான் இறங்கும். நீளம் கூடியதால் வேலை வேகமாகாது. கூடுதலாக வெளியே நீட்டி நிற்கும் முனை பக்கத்துக் கட்டையிலோ மண்ணிலோ இடிக்கும். முனையின் மேல் கால்பகுதி இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். மண்ணில் இடித்தால் அந்த ஒரு நொடியிலேயே பல் மழுங்கிவிடும். செயின் நீளத்துக்கு ஏற்ப உராய்வும் கூடுகிறது, ஆயில் தேவையும் கூடுகிறது. இதையெல்லாம்விடப் பெரிய கெடுதல், பார் நீளமாக இருக்கிறதே என்று ஒன்றரை அடி மூட்டுக்கட்டைக்குள் அதை முழுதாக இறக்கிவிடுவது. அப்போது இன்ஜின் வேகம் விழுகிறது, செயின் நிற்கிறது, டிரிகர் அமுங்கியே இருப்பதால், இன்ஜின் சுழற்சியைச் செயினுக்குக் கடத்தும் கிளட்ச், தன்னைச் சுற்றியுள்ள டிரம்முக்குள் வழுக்கிச் சுற்றுகிறது. பிரித்துப் பார்க்கும் மிஷின்களில் டிரம் நீலம் பாரித்துக் கிடப்பது இதனால்தான்.

அந்தச் சூடு டிரம்மோடு நிற்பதில்லை. டிரம்முக்குப் பின்னால் ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) இருக்கிறது. அதை நீங்கள் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறீர்கள். அது இளகிப் பல் போனதும் பாருக்கு ஆயில் வருவது நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜின் நன்றாகவே ஓடும். ஆயில் இல்லாத செயின் பாரின் விளிம்பைத் தேய்த்துப் பிசிர் எழுப்பும், செயின் ஓடும் காடி அகன்றுவிடும், பிறகு கூராக்கிய செயினும் கோணலாகவே அறுக்கும். செயின் பிரேக்கைப் போட்டபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் இதே கதிதான். இந்த எச்சரிக்கை கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் 'பாரைச் சரியாகப் பராமரிக்கவில்லை' என்ற காரணம் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. பார் தேய்ந்தது விளைவு; காரணம் அந்தக் கியர்.

பம்ப் நன்றாக இருக்கும்போதும் ஆயில் போதவில்லை. கூட்டிக் குறைக்கும் திருகு இந்த மாடலில் கிடையாது. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது பார் ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த கணக்கு. உங்கள் மிஷினில் பெட்ரோல் தீர்ந்த பிறகும் பாதிக்கு மேல் ஆயில் மிஞ்சுகிறது. பார் முனையைக் காய்ந்த பனைமட்டைக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். மங்கலான புள்ளிகள்தான் விழுகின்றன. பச்சை மரத்துக்கு அது ஒப்பேறலாம்.

இங்கே விறகு என்றால் முக்கால்வாசி சீமைக்கருவேல். குளத்துக்குள்ளும் தரிசிலும் நிற்பது அதுதான். பச்சையில் செயின் நன்றாக இறங்கும். காய்ந்து வைரம் இறுகிவிட்டால் அதே செயின் திணறும். எனவே வெட்டிய வாரத்திலேயே துண்டு போட்டுவிட்டு அப்புறம் காயவிடுவதுதான் சரியான முறை. உங்கள் கையேட்டின் படங்களோ நேராக வளர்ந்த பைன் மரத்துக்கு வரைந்தவை. ஒரே மூட்டிலிருந்து ஐந்தாறு கவையாகக் கோணலாகக் கிளம்பும் மரத்தில், எந்தப் பக்கம் அமுங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் விரிந்து நிற்கிறது என்று பார்த்து, அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதலில் அறுத்துவிட்டு, பிறகு விரிந்த பக்கத்திலிருந்து வர வேண்டும். மாற்றிச் செய்தால் பார் கவ்விக்கொள்ளும், அல்லது கொம்பு தெறிக்கும். இது ஒரு படத்தில் அடங்கும் விஷயம்.

பனைக்கும் ஒரு குறிப்பு வேண்டும். நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தபின், மிஷினுக்கு வருவது பெரும்பாலும் காற்றில் சாய்ந்த மரம். அதன் சிறாம்பு நீள நீளமாகக் கிழிந்து ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடிக்குள் சுற்றிக்கொள்ளும், ஆயில் வரும் துளையையும் அடைக்கும். ஒவ்வொரு டேங்க்குக்கும் இரண்டு நட்டைக் கழற்றி மூடியைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் மேலே சொன்ன சூடு இங்கேயும் வந்துவிடும்.

அரம் விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது தெளிவான தவறு. இந்த மிஷினில் வருவது 3/8 லோ புரொஃபைல் செயின். அதற்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். பெட்டியில் நீங்கள் வைத்திருப்பது 4.8 மில்லிமீட்டர், அது .325 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு உரியது. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பல்லின் மேல்தகட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். அரம் பருத்துவிட்டால் அது பல்லுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது; வெட்டும் முனை கொக்கி போல் வளையாமல் பின்னால் சாய்ந்துவிடுகிறது. அந்தப் பல் மரத்தைக் கடிக்காது, தேய்க்கும். சீவலாக விழ வேண்டியது மாவாக விழும். மிஷினை அழுத்தினால்தான் அறுக்கிறது, அழுத்த அழுத்தக் கிளட்ச் சூடாகிறது. நீங்கள் கொடுத்த அரத்தால் நீங்கள் சொன்னபடியே கூராக்கியவரின் மிஷின்தான் முதலில் பட்டறைக்கு வருகிறது.

ரேக்கர், அதாவது பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தடுக்கும் முன்மேடு, அதை அளக்கும் தகடும் பெட்டியில் இல்லை. பல்லின் உயரத்துக்கும் ரேக்கரின் உயரத்துக்கும் இடையே 0.65 மில்லிமீட்டர் வேண்டும். தகடு இல்லாததால் கண்ணளவில் தட்டை அரத்தால் இழுத்துவிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டால் செயின் மரத்தைப் பிடித்து இழுக்கும், மிஷின் குதிக்கும். அது ஆபத்து. காய்ந்த கருவேலுக்கு மேல்தகட்டுக் கோணத்தை 30 பாகையிலிருந்து 25-க்குக் குறைத்தால் கூர் நெடுநேரம் நிற்கும் என்பதையும் சேர்த்து எழுதலாம். எகிறலைக் குறைக்கும் வகைச் செயினைக் கொடுத்திருப்பது நல்லது. அதை மாற்றவே வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 25:1 என்கிறது, கையேடு 50:1 என்கிறது. முதலாவதன்படி ஒரு லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில், இரண்டாவதன்படி 20 மில்லி. எதைப் பின்பற்றினாலும் மற்றதைக் காட்டி வாரண்டியை மறுக்க இடம் வைத்திருக்கிறீர்கள். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோல் ஊற்றக் கூடாது என்றும் கையேட்டில் இருக்கிறது. எங்கள் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. விற்பனைக்கு அனுப்பும்போது இது உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஓடும்போது காற்றுக்கு எரிபொருள் போதாமல் கலவை மெலிந்து இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். அதற்கு ஈடாகக் முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்பரேட்டரின் எச் திருகைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். நீங்கள் அதன் மேல் தொப்பி போட்டு, தனிச் சாவி இல்லாமல் திருப்ப முடியாதபடி பூட்டியிருக்கிறீர்கள். கலவை சரியாக இருந்தால், மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுக்கும்போது ஓசை லேசாக உடைந்து கரகரக்கும், மரத்தில் வைத்ததும் தெளியும். உங்கள் மிஷின்கள் புதிதிலேயே ஊசி போன்ற கீச்சுக் குரலில் கத்துகின்றன. மெலிந்த கலவையின் அடையாளம் அது.

எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை வெகுநாள் வைத்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க்கின் அடியில் பிரிந்து நிற்கும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் அடியில் கிடப்பதால் இன்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத திரவம். வேலை முடிந்ததும் டேங்க்கைக் கவிழ்த்துக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும் என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எத்தனையோ பிஸ்டன் பிழைத்திருக்கும்.

இப்போது வாரண்டி மறுப்பு. பிஸ்டன் கீறி நின்றுபோன மிஷின்களுக்கு உங்கள் சேவை மையம் தந்த பதில் ஒரே வரி: 'தவறான எரிபொருள், தூசி, வணிகப் பயன்பாடு'. சைலன்சரைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் எழுதிய வரி இது. இரண்டு போல்ட்டைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். தூசி உள்ளே போயிருந்தால் காற்று நுழையும் பக்கம் தேய்ந்திருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் பறக்கும் ஊர் இது. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு டேங்க்குக்கும் உள்பக்கமிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இங்கே தெரிந்ததுதான். எங்களிடம் உள்ள பிஸ்டன்களில் காற்று நுழையும் பக்கம் கடைசல் கோடுகூட அழியாமல் இருக்கிறது. கீறல் முழுதும் புகை வெளியேறும் பக்கம். கிராங்க் அறைக்குள் ஆயில் ஈரமும் இருக்கிறது. எனவே தூசி இல்லை, ஆயில் கலக்காத பெட்ரோலும் இல்லை. மிச்சம் இருப்பது மெலிந்த கலவையின் சூடு. அது உங்கள் தொழிற்சாலை வைத்த அளவு.

'வணிகப் பயன்பாடு' என்பதற்கு என்ன அளவுகோல் என்று கேட்டுக் கடிதம் கொடுத்தும் பதில் இல்லை. சொந்தத் தோட்டத்துக் கருவேலை வெட்டிப் பக்கத்து வீட்டுக்கு இரண்டு கட்டு கொடுத்தால் அது வணிகமா? சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் இத்தகைய கைக்கருவி இன்ஜின்களின் புகைக் கட்டுப்பாடு எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்பதை 50, 125, 300 மணி நேரம் என்று மூன்று வகுப்பாக விதித்திருக்கிறார்கள். அதைப்போல உங்கள் இன்ஜின் எத்தனை மணி நேர வேலைக்குச் செய்யப்பட்டது என்பதைப் பெட்டியில் அச்சிடுங்கள். வாங்குகிறவர் தன் விறகைக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

நாங்கள் கேட்பது இவை. எங்கள் மிஷின்களில் கீறிய பிஸ்டனையும் சிலிண்டரையும் வாரண்டியில் மாற்றி, கார்பரேட்டரை இங்கு கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்றபடி வைத்துத் தர வேண்டும். 18 அங்குல பாருக்குப் பதிலாக 16 அங்குல பாரும் அதற்கான செயினும் தர வேண்டும். பிட்ச், கேஜ் (காடிக்குள் ஓடும் கண்ணியின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தக் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் பாரின் மேல் பொறித்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 58 சிசி மிஷின்களுக்கான .325 செயின், அது உங்கள் ஸ்பிராக்கெட்டில் உட்காராது. பிளாஸ்டிக் வார்ம் கியரை உலோகத்தில் மாற்ற வேண்டும், கூட்டிக் குறைக்கும் ஆயில் பம்ப் வர வேண்டும். அதுவரை மாற்றுக் கியரைத் திருநெல்வேலி டவுனிலாவது இருப்பு வையுங்கள். சென்னையிலிருந்து வரவழைக்கக் காத்திருப்பதற்குள் மழை வந்து விறகு நனைகிறது. 4 மில்லிமீட்டர் அரமும் ரேக்கர் தகடும் ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் இலவசமாக அனுப்ப வேண்டும். கையேடு தமிழில் வேண்டும், ஆயில் கலவைக்கு ஒரே அளவு வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்போம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பில் நகல்கள், வாரண்டி மறுப்புச் சீட்டுகள், பிஸ்டனின் இரு பக்கமும் எடுத்த படங்கள், இளகிய வார்ம் கியர், பெட்டியில் வந்த 4.8 மில்லிமீட்டர் அரம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். பழுதான மிஷின்கள் பிரித்த நிலையிலேயே பட்டறையில் இருக்கின்றன. உங்கள் பொறியாளர் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் செயின்ஷாவை வாங்கியவர்களும் பட்டறைக்காரர்களும்,
நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரம்.