ஆன் ஆர்பரிலிருந்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை நிரந்தரமானதில் ரொம்ப சந்தோஷம். கையோடு, புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நம் வகுப்பு செமினார்களை எல்லாம் ஒப்பேற்றியது நீதானே! கல்வியியல் படித்தவர்களைத்தான் இதற்குப் போட வேண்டுமா, இங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யார் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

என்னைப் போல ஆராய்ச்சி செய்துகொண்டே இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களை இங்கே ஜி.எஸ்.ஐ. என்பார்கள். பேராசிரியர் பெரிய அரங்கில் விரிவுரை நடத்திவிட்டுப் போய்விடுவார். அப்புறம் சின்னக் குழுக்களாகப் பிரித்து நடத்தும் விவாதம், லேப், விடைத்தாள் எல்லாம் எங்கள் பாடு. பாடம் தெரிந்தவர்களுக்கு நடத்தவும் தெரியும் என்று யாரும் நம்பிவிடவில்லை. அதற்கென்றே கற்றல் கற்பித்தல் ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சி.ஆர்.எல்.டி. 1962-இல் தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வகையில் முதலாவது அதுதான்.

அதன் முதல் இயக்குநர் ஸ்டான்ஃபோர்ட் எரிக்சன் உளவியல்காரர். பின்னால் அந்தப் பொறுப்புக்கு வந்த வில்பர்ட் மக்கீச்சியும் உளவியல்தான். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆராய்ச்சியும் சேர்ந்த இடம் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் இலக்கியம், அரசியல் அறிவியல், பொறியியல் என்று பல துறைகளிலிருந்து முனைவர் பட்டத்தோடு வந்தவர்கள். பேராசிரியர் வேலைக்குப் போகாமல் கற்பித்தல் பக்கம் திரும்பியவர்கள். ஆய்வு மாணவராக இருந்தபோது இதே மாதிரி வகுப்பெடுத்துத் திண்டாடியவர்களும் உண்டு. பொறியியல் மாணவர்களுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது.

அந்த மையத்திலிருந்து என் வகுப்பைப் பார்க்க வந்தவர் இலக்கியக்காரர். நான் நடத்துவது புள்ளியியல்! இவருக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். வகுப்பு முடிய இருபது நிமிடம் இருக்கும்போது என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். மாணவர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, எது உதவுகிறது, எதை மாற்றலாம் என்று பேசவிட்டார். பருவத்தின் நடுவிலேயே செய்வதால், அந்த வகுப்புக்கே திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். "அந்தக் கணக்கில் இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவது வரிக்கு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. மாணவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றுவிட்டிருந்தார்கள். புள்ளியியல் தெரிந்த ஒருவர் பின்பெஞ்சில் இருந்திருந்தால் அவரும் என்னோடு சேர்ந்து தாண்டிப் போயிருப்பார். அதனால் துறைக்கு வெளியிலிருந்து ஆள் வருவதை நான் இப்போது குறையாக நினைக்கவில்லை.

இன்னொன்று, அவர் என்னைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டார். மாணவர்கள் பேசியது எங்கள் இருவருக்குள் மட்டும்தான். என் பேராசிரியருக்கோ துறைக்கோ போகாது. என் பட்டமோ அடுத்த பருவ வேலையோ அவர் கையில் இல்லை. அதனால்தான் அசட்டுக் கேள்விகளையும் கேட்க முடிந்தது. நீ ஆள் தேடும்போது பட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார். பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவரை மட்டும் வைத்துவிடாதே. எல்லாரும் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள்.

சொன்னால் நம்பமாட்டாய், அந்த மையத்தில் நாடகக்காரர்களும் உண்டு. 2000-இல் ஒரு நாடகக் குழுவையே தொடங்கியிருக்கிறார்கள். வகுப்பில் நடக்கும் சங்கடங்களை நடித்துக் காட்டுவார்கள். முடிந்ததும் பார்வையாளர்கள் அந்தப் பாத்திரங்களிடமே கேள்வி கேட்கலாம். ஆசிரியர் வேலையில் பாதி நடிப்புதானே! ஒரு மணிநேர உரையைவிட இது மனதில் நிற்கிறது.

மொழிக்கு வேறு இடம். 1941-இல் சார்ல்ஸ் ஃப்ரீஸ் தொடங்கிய ஆங்கில மொழி நிறுவனத்தில் மொழியியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். வேறு மொழியில் இளங்கலை முடித்து ஜி.எஸ்.ஐ. ஆக வருபவர்களுக்கு அங்கே ஆங்கிலப் பேச்சுத் தேர்வு உண்டு. சின்னப் பாடம் ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும், சந்தேகம் கேட்டு வரும் மாணவரோடு பேசுவதுபோல் நடிக்க வேண்டும். இலக்கணம் தெரிந்தால் போதாது, எதிரில் இருப்பவர் கேட்டதைப் புரிந்துகொண்டாயா என்று பார்க்கிறார்கள்.

இவர்கள் தவிர, அனுபவமுள்ள ஆய்வு மாணவர்களுக்கே பயிற்சி கொடுத்து எங்களுக்கு ஆலோசகராகவும் வைக்கிறார்கள். உனக்கு முதலில் கைகொடுக்கப்போவது இந்த வழிதான் என்று தோன்றுகிறது. ஐந்தாறு வருடம் வகுப்பெடுத்தவர்களில், அறிவுரை சொல்லத் துடிக்காதவர்களாகப் பார்த்து இரண்டு பேரைப் பிடி. ஒருவர் உன் துறைக்கு வெளியே இருக்கட்டும். கல்வியியல் படித்தவர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். எந்த முறையை ஏற்கெனவே ஆராய்ந்து பார்த்தாயிற்று என்று தெரிந்தவர் இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தங்கள் பழக்கத்தையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என் ஆய்வேடு மூன்றாவது அத்தியாயத்தில் நிற்கிறது, வழிகாட்டி கேட்டால் நான்காவது என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ யாரையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாய் என்று எழுது. நம் பழைய கணக்கு சாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா?

அன்புடன்,
சுதா