ஞாயிறு காலை சோடா மெஷின் வேலை

அனைவருக்கும் வணக்கம்.

குளச்சல் குடியிருப்பு ஹாலில் நிற்கும் நம் பழைய சோடா மெஷின் மூன்று நாளாகக் குளிரவில்லை. நேற்று எடுத்த பன்னீர் சோடா வெதுவெதுப்பாக இருந்தது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குத் திறந்து பார்க்கிறோம்.

1. பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். யாரும் மாட்ட வேண்டாம்.

2. கண்டன்சர் காயிலில், அதாவது மெஷினின் சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருளில், தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. முதல் வேலை அதுதான். மெல்லிய பிரஷ், வாக்குவம் கிளீனர் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கடல் உப்புக் காற்றில் தகடுகள் அரித்திருக்கின்றன, அழுத்தித் தேய்க்கக் கூடாது.

3. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவு ரப்பர் இறுக்கமாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கீழ் மூலை ரப்பரை மாற்றியே ஆக வேண்டும்.

4. உள் மின்விசிறி சுற்றுகிறதா என்று அப்புறம் பார்ப்போம்.

5. குளிரூட்டும் கேஸ் நிரப்ப யாரையும் அழைத்துவிடாதீர்கள். இது ஆர்-12 என்ற பழைய கேஸில் ஓடும் மெஷின். ஓசோனைக் கெடுப்பதால் நிறுத்தப்பட்ட கேஸ். அதில் வேறு கேஸை அப்படியே ஏற்றக் கூடாது. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவு இருந்தால், அது கேஸ் கசிந்ததற்கு அடையாளம்; அப்போது மட்டுமே கேஸ் பற்றிய பேச்சு.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள். நாகர்கோவிலில் ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் விற்கும் கடை தெரிந்தால் உடனே சொல்லுங்கள், அளவை அனுப்புகிறேன்.