பிரிஜிட் என்னும் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பிப்ரவரியின் முதல் திங்களன்று பிரிஜிட் பெயரால் எனக்கு விடுமுறை என்றதும், 'யாரம்மா அந்த பிரிஜிட்?' என்று தொலைபேசியில் கேட்டீர்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல என்பதால் எழுதுகிறேன்.

அயர்லாந்தில் ஒரு பெண்ணின் பெயரால் விடப்படும் முதல் பொது விடுமுறை இது, 2023இல்தான் தொடங்கியது. நான் வேலை பார்க்கும் கில்டேர் பகுதியில் மடம் நிறுவிய புனிதர் என்றே பிரிஜிட்டைப் போற்றுகிறார்கள். ஆனால் பெயர் புனிதரைவிட மூத்தது. கிறித்தவம் வருவதற்கு முன்பே இங்கு கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லர் தொழிலுக்கும் உரிய தெய்வமாக பிரிஜிட் வணங்கப்பட்டாள். புனிதரின் திருநாளான பிப்ரவரி 1, பழைய நாள்காட்டியில் வசந்தம் பிறக்கும் 'இம்போல்க்' நாளும்கூட. தெய்வத்தின் கதை எங்கே முடிகிறது, புனிதரின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிரித்துப் பார்ப்பதே வீண் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. பெயருக்கு 'உயர்ந்தவள்' என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'பிருகதி' இதற்கு உறவுச் சொல் என்பது உங்களுக்குப் பிடிக்கும்.

எங்கள் முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும்போது இந்தப் பெயரோடு நான் படும் பாடு தனி. அட்டையில் பிரிஜிட் என்றிருக்கும். ஒருவரை பிரைடி என்றும், ஒருவரை பிரீட் என்றும், இன்னொருவரை பிரீடா என்றும் அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பிறந்த தேதியையும் கேட்காமல் மாத்திரையை நீட்டுவதில்லை. ஆனால் உடன் வேலை செய்பவர்களின் பெண் குழந்தைகளில் ஒரு பிரிஜிட்கூட இல்லை. 2021இல் இந்நாட்டுப் பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர் ஃபீயா.

இந்தச் சரிவுக்கு, நம்மைப்போல் கடல் கடந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புக்காக அமெரிக்கா சென்ற அயர்லாந்துப் பெண்கள் பலர் வீட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களில் பிரிஜெட் (பிரிஜிட்டின் ஆங்கில வடிவம்) என்ற பெயர் அத்தனை மலிந்திருந்ததால், அதுவும் அதன் சுருக்கமான 'பிட்டி'யும் அயர்லாந்து வேலைக்காரி என்பதற்கே பொதுப்பெயர்களாகிவிட்டன. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் பாத்திரத்தை உடைப்பவளும் எஜமானியை எதிர்த்துப் பேசுபவளும் அவள்தான். அந்த ஏளனத்துக்கு அஞ்சிப் பலர் டீலியா போன்ற பெயர்களுக்கு மாறினார்கள். மகள்களுக்கு அந்தப் பெயரை வைக்கவும் தயங்கினார்கள். தெய்வத்துக்கும் புனிதருக்கும் உரிய பெயரை அடுப்படியில் வைத்துச் சிரித்தவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஐரோப்பாவின் மற்ற இடங்களில் அதற்கு இந்தக் கதி நேரவில்லை. சுவீடனில் பிர்கிட்டா, பிரான்சில் பிரிஜித் என மதிப்போடுதான் வாழ்ந்தது.

சென்ற வாரம் கோரைப் புல்லை மடித்து பிரிஜிட் சிலுவை பின்ன எனக்குக் கற்றுக்கொடுத்த பாட்டியிடம், கொள்ளுப்பேத்திக்கு அவர் பெயரைத்தான் வைக்கப்போகிறார்களா என்று கேட்டேன். 'வேண்டவே வேண்டாம், அது கிழவிகளின் பெயர்' என்று கையை உதறினார். ஆனாலும் பெற்றோர் விடவில்லை. பிரீட் என்று நடுப்பெயராகச் சேர்த்துவிட்டார்களாம். அரசு விடுமுறைக்கு முன்பாக இருந்தால் அதையும் செய்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்