விட்டுப் போனவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி. இளைஞர்கள் ஓரிடத்தில் நிலைத்து வேலை பார்ப்பதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசுவாசம் இல்லை, பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் பேப்பர் போட்டுவிடுகிறார்கள் (ராஜினாமா செய்துவிடுகிறார்கள்) என்று மேனேஜர்களும் ஹெச்.ஆர். ஆட்களும் சொன்னதையெல்லாம் அப்படியே போட்டிருந்தீர்கள். வேலையை விட்டுப் போன ஒருத்தரிடமாவது ஏன் போனீர்கள் என்று கேட்ட மாதிரி தெரியவில்லை. நான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் டீம் லீட், இப்போது கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை, அதற்கு முன் சரவணம்பட்டியில் ஹாஸ்டல் வாசம், அதற்கும் முன் சென்னை. என் டீமிலிருந்து கிளம்பியவர்கள் நிறைய, நானும் மாறியிருக்கிறேன். சம்பளம் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை பலருக்கு மனசு விட்டுப்போவது புராஜெக்ட் பிளானில் முதல் பொய் ஏறுகிற அன்றைக்கே, ஆஃபர் லெட்டர் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பொய் எப்படி ஏறுகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. வேலை செய்யப் போகிறவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். கிளையன்ட்டிடம் நாலு மாதம் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சரி, என்ன செய்வது? எக்ஸெல் ஷீட்டைத் திறந்து நாட்களைக் குறைப்பார்கள், முதலில் வெட்டுப்படுவது டெஸ்டிங்தான். அப்புறம் அந்த இரண்டு மாதத்தை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஈடுகட்ட வேண்டியது டீம். பேசிய தொகைக்கு மொத்தமாக எடுத்த புராஜெக்ட் என்றால் கூடுதல் மணி நேரம் காட்டினால் நஷ்டம் தெரிந்துவிடும், அதனால் பதின்மூன்று மணி நேரம் வேலை பார்த்தாலும் வேலை நேரத்தைக் குறிக்கும் டைம்ஷீட்டில் எட்டு என்றுதான் போடச் சொல்வார்கள். இதில் சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அடுத்த புராஜெக்ட்டுக்கு எஸ்டிமேட் போடும்போது பழைய டைம்ஷீட்டைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு, போன தடவை இவ்வளவு நேரத்தில் முடித்தோமே என்பார்கள். அது பொய்க் கணக்கு என்று தெரிந்தவர்கள் அதற்குள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று பில் போடும் புராஜெக்ட்டில் இதே கதை தலைகீழாக நடக்கும், ஒரே ஆள் இரண்டு கிளையன்ட்டுக்கு முழு நாள் கணக்கில் போவான்.

வாராந்திர ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை, அதாவது வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் சிவப்பு தெரியும். எங்கள் துறையிலேயே இதைத் தர்பூசணி புராஜெக்ட் என்பார்கள்.

முன்பு ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். கூடலூர் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன், ஒரு முழு மாட்யூலும் அவன் கையில்தான் இருந்தது. விலகினான். தொண்ணூறு நாள் நோட்டீஸ் முடித்து முறையாகத்தான் போனான். அவன் போனதைக் கிளையன்ட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் ரேட்டைக் குறைக்கச் சொல்வார்களாம். அவன் மெயில் ஐ.டி.யை மூடாமல், படிப்பு முடித்துச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருத்தியை அதிலிருந்து பதில் போட வைத்தார்கள். ஒரு நாள் கிளையன்ட் பக்கத்து அம்மா, 'உங்கள் மனைவிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதா, என்ன குழந்தை?' என்று சாட்டில் கேட்டுவிட்டார். இந்தப் பெண் திரும்பி மேனேஜரைப் பார்த்தாள். அவர், ஏதாவது போடும்மா என்றார். பெண் குழந்தை என்று அடித்தாள். அவனுக்குப் பிறந்தது பையன். மேனேஜர் அப்போதே புராஜெக்ட்டின் டெலிவரி தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் ஹெச்.ஆர். வரை கொண்டு போனேன், 'இது டெலிவரி விஷயம், நாங்கள் தலையிட முடியாது' என்று பதில் வந்தது. சில மாதத்தில் அந்தப் பெண்ணும் விலகினாள். விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மேல்படிப்பு என்று இருந்தது. அவள் எந்தப் படிப்பிலும் சேரவில்லை.

எங்கள் மலைப்பகுதியில் இன்னொரு வகையும் பார்க்கிறேன். 2020-ல் கொரோனாவுக்காக ஊர் திரும்பியவர்களில் சிலருக்கு, நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லியே ஆஃபர் கொடுத்தார்கள். வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு, மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். பிறகு ஒரு மெயில், அடுத்த மாதம் முதல் ஆபீஸ் வர வேண்டும். கோத்தகிரியிலிருந்து தினமும் மலை இறங்கி கோயம்புத்தூர் போய்வர முடியுமா? அவர்களும் விலகினார்கள். கணினியில் வரும் காரணப் பட்டியலில் சொந்தக் காரணம் உண்டு, நல்ல வாய்ப்பு உண்டு, நீங்கள் சொன்ன வாக்கை மாற்றினீர்கள் என்பது கிடையாது. இப்படிச் சேர்த்த காரணங்களை வைத்துத்தான் உங்கள் நிருபரிடம் பேசியிருக்கிறார்கள்.

ஆள் போனால் என்ன, வேறு இரண்டு பேரைப் போடு என்பதும் நடக்காத காரியம். புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேலை தெரிந்தவர் தன் வேலையை நிறுத்த வேண்டும். ஐந்து பேர் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10, எட்டுப் பேர் ஆனால் 28, பத்துப் பேருக்கு 45. தாமதமான புராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது 1970களிலேயே எழுதிவைத்த பாடம்.

அந்தக் காலத்தில் முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்று கட்டுரையில் ஒருவர் உருகியிருக்கிறார். இருந்தார்கள்தான், அருவங்காடு அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் இருந்தது. இன்றைக்குத் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கேட்பவர்கள், தாங்கள் அனுப்பும்போது சாயங்காலத்துக்குள் லேப்டாப்பை வாங்கிக்கொள்கிறார்கள்.

வேலையில் சேரும்போது எழுதி வாங்கும் பாண்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைக் காட்டி மிரட்டுகிறார்கள். அது ஒரு பொதுத்துறை வங்கியாக இருந்தது, ஆள் எடுக்க அது விளம்பரம், தேர்வு என்று செலவழிக்கக் கட்டுப்பட்டிருந்தது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியதையும் யாரும் சேரும் நாளில் சொல்வதில்லை.

எங்கள் பக்கம் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. மூன்று ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு சேரும் நாளன்று போனை அணைப்பவர்கள், இன்டர்வியூவில் வேறு ஆளை உட்கார வைப்பவர்கள், விலகும்போது வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் கே.டி.யில் வேண்டுமென்றே பாதியை மறைப்பவர்கள் எல்லாம் உண்டு. கோபம்தான் வரும். ஆனால் ரெஸ்யூமேயில் ஒரு வருட அனுபவத்தைக் கூட்டிப் போட்டவனைக் கண்டுபிடித்தால் அன்றே அனுப்பும் கம்பெனி, அவனையே நாலு வருட அனுபவசாலி என்று கிளையன்ட்டிடம் காட்டிப் பில் போட்டதும் நான் பார்த்ததுதான். புராஜெக்ட் மேனேஜர்கள் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கும் பி.எம்.ஐ. அமைப்பின் நெறிமுறையில் பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்று நாலு விஷயம் இருக்கிறது. சான்றிதழ் மட்டும் லிங்க்ட்இன்னில் இருக்கிறது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கம்பெனிகளிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். போன வருடம் டீம் சொன்ன தேதிக்கும் கிளையன்ட்டிடம் கொடுத்த தேதிக்கும் எத்தனை நாள் வித்தியாசம்? விலகியவர்களிடம் காரணம் கேட்டது யார், அவர்களுடைய மேனேஜரா, வேறு யாராவதா? பதில் கிடைத்தால் அப்படியே அச்சிடுங்கள். விலகியவர்கள் வேண்டுமென்றால் கோத்தகிரி, குன்னூர் பக்கமே இருக்கிறார்கள், பெயர் போட மாட்டோம் என்று சொன்னால் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.