ஈரப்பதத்தைக் குறைத்துக் காட்டும் இன்குபேட்டர்: சேவைப் பிரிவுக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 12.05.2025

பொருள்: 56 முட்டை இன்குபேட்டரின் ஈரப்பதக் கருவியில் உள்ள பிழை, அதனால் ஏற்பட்ட இழப்பு, பணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த தை மாதம் 25.01.2025 அன்று தங்கள் கோயம்புத்தூர் விற்பனையகத்தில் 9,800 ரூபாய் செலுத்தி, முட்டைகளைத் தானாகவே திருப்பிவிடும் இன்குபேட்டர் ஒன்றை வாங்கினேன். அதன் ஈரப்பதம் காட்டும் கருவி உண்மையைவிட ஏறத்தாழ 14 புள்ளி குறைத்துக் காட்டுகிறது. அதை நம்பித் தண்ணீர் ஊற்றியதால் முதலில் முட்டை வைத்த இரண்டு ஈட்டிலும் சேர்த்து 54 குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. இதைத் தொலைபேசியில் முறையிட்டபோது தங்கள் சேவைப் பிரிவினர் பழியை என் கோழிகள்மேல் போட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டதால், இப்போது எழுத்தில் தருகிறேன்.

என்னிடம் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனத்தில் 14 கோழிகளும் இரண்டு சேவல்களும் உள்ளன. முட்டைகளை வெளியில் வாங்குவதில்லை. இட்ட ஏழு நாளுக்குள் உள்ளவற்றை மட்டும், கழுவாமல், பருத்த முனை மேலே இருக்கும்படி அடுக்கி வைப்பேன். மின்சாரம் போனால் தாங்க இன்வெர்ட்டர் இருக்கிறது. வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸ் என்று இயந்திரம் காட்டுவது சரிதான் என்பதை வேறொரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த வகையில் எனக்குக் குறை இல்லை.

முதல் ஈடாக 09.02.2025 அன்று 48 முட்டைகள் வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 41 முட்டைகளில் சிலந்தி வலைபோல் ரத்த நாளங்கள் ஓடின. மீதியைக் கூமுட்டை என்று எடுத்துவிட்டேன். பதினெட்டாம் நாள் 39 உயிரோடு இருந்தன. தங்கள் கையேட்டில் உள்ளபடி முதல் 18 நாளும் 55 முதல் 60 சதவீதமும், கடைசி மூன்று நாள் 70 சதவீதமும் ஈரப்பதம் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மாசிக் காற்று உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்டிருக்கும். திரையில் எண் 50-க்கு இறங்கிய போதெல்லாம், கையேடு சொல்கிறபடி இரண்டு தண்ணீர்ப் பள்ளங்களையும் நிரப்பினேன். 21-ஆம் நாள் முடிவில் பொரித்தவை 11.

இருபத்து மூன்றாம் நாள் வரை காத்திருந்து, மீதி 28 முட்டைகளையும் ஒவ்வொன்றாக வாசற்படியில் உட்கார்ந்து உடைத்துப் பார்த்தேன். எல்லாம் இறகு முளைத்து, நகம் முளைத்து, முழுமையாக வளர்ந்த குஞ்சுகள். உடைத்ததும் முதலில் வழிந்தது தண்ணீர். பிறகுதான் குஞ்சு வந்தது, மழையில் ஊறிய பஞ்சுபோல. பல குஞ்சுகளுக்கு மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாக இழுக்கப்படாமல் தொப்புளில் தொங்கிக்கொண்டிருந்தது. பருத்த முனையில் இருக்கவேண்டிய காற்றறையோ, பதினெட்டாம் நாளைக்கு முட்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது விரிந்திருக்க வேண்டியது, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைத் தாண்டவில்லை.

இதன் காரணம் தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததன்று. முட்டை அடையில் இருக்கும் நாள்களில் ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி, பதினெட்டாம் நாளுக்குள் எடையில் சுமார் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும். அந்த இடத்தில்தான் காற்றறை விரிகிறது. ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு தன் மூக்கால் உட்சவ்வைக் குத்தி முதல் மூச்சை எடுப்பது அந்தக் காற்றறையில்தான். சுற்றிலும் ஈரம் மிகுந்துவிட்டால் நீர் வெளியேறாது, காற்றறை விரியாது, மூச்சுக்கு இடமின்றிக் குஞ்சு தன் முட்டையின் நீரிலேயே மூழ்கிச் சாகும். ஈரம் குறைந்திருந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் உடைத்த 28-இல் ஒன்றிலும் அப்படி இல்லை.

தங்கள் சேவைப் பிரிவில் பேசியவர், "முட்டையில் கரு இல்லைங்க, சேவல் சரியில்லை, மாத்திப் பாருங்க" என்றார். கரு இல்லாத முட்டைக்குள் இறகும் நகமும் எப்படி முளைத்தன என்று கேட்டதற்கு மின்தடை காரணமாக இருக்கலாம் என்றார். இன்வெர்ட்டர் இருக்கிறது என்றேன். அப்படியானால் தண்ணீர் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்றார். தண்ணீரில் மூழ்கிச் செத்தவற்றுக்கு இன்னும் தண்ணீர் ஊற்றச் சொன்ன அந்த யோசனையை நான் மறக்கப்போவதில்லை.

ஆயினும் பிழை என்னுடையதாகவும் இருக்கலாம் என்று எண்ணி, 16.03.2025 அன்று 44 முட்டைகள் வைத்து, அவற்றில் 12-ஐ நகை எடை பார்க்கும் சிறு தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டேன். அதே நாளில், அதே கோழிகளின் 13 முட்டைகளை என் மாமியார் ஒரு கூடையில் மணல் பரப்பி, வழக்கப்படி ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் செருகி, அடைக்கோழிக்கு வைத்தார். பதினெட்டாம் நாள் என் 12 முட்டைகளின் மொத்த எடை 528 கிராமிலிருந்து 492 கிராமுக்குத்தான் இறங்கியிருந்தது. 460-க்கும் 470-க்கும் இடையே நின்றிருக்க வேண்டும். இயந்திரத்தில் உயிரோடிருந்த 36 முட்டைகளில் பொரித்தவை 10. கூடையில் 13-க்கு 11 பொரித்தன. அன்றிலிருந்து என் மாமியார் இயந்திரத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு புன்னகை சிந்துகிறார்; அதற்கு நான் இழப்பீடு கேட்கவில்லை.

அதன்பின் சென்சாரைச் சோதித்தேன். சமையல் உப்பை ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் குழைத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். ஒரு பாட்டில் மூடி நிறைய அந்த உப்பை வைத்து, இயந்திரத்தின் சென்சார் முனையையும், புதிதாக வாங்கிய வேறொரு ஹைக்ரோமீட்டரையும் (ஈரப்பதம் அளக்கும் கருவி) ஒரே பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, ஒயர் நுழைகிற இடத்தை டேப்பால் ஒட்டி, ஓர் இரவு முழுக்க வைத்தேன். காலையில் புதிய கருவி 74 காட்டியது. தங்கள் திரை 61 காட்டியது. மூன்று இரவுகள் திரும்பச் செய்தும் ஒரு புள்ளிக்குமேல் மாற்றமில்லை.

அதுவும் போதாதென்று, தெர்மாமீட்டர் குமிழில் விளக்குத் திரியைச் சுற்றி நனைத்து, ஓடுகிற விசிறியின் காற்றுப் படும்படி உள்ளே வைத்துப் பார்த்தேன். உலர்ந்த தெர்மாமீட்டர் 37.5 காட்டும்போது ஈரத் திரி சுற்றியது 29.4 டிகிரி காட்டினால் ஈரப்பதம் 55 சதவீதத்தை ஒட்டி இருக்கும். திரையில் 54 என்று இருந்த அதே நேரத்தில் ஈரத் திரி காட்டியது 32 டிகிரி. அதாவது 68 சதவீதம். நான் 55 முதல் 60 என்று நம்பியிருந்த நாள்களில் என் முட்டைகள் 70-ஐ ஒட்டிய புழுக்கத்தில் இருந்திருக்கின்றன.

இதை உறுதி செய்ய, சித்திரை பிறப்பதற்கு முதல் நாள் மூன்றாம் ஈடாக 30 முட்டைகள் வைத்தேன். ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, திரை 33 முதல் 36 வரை காட்டுமாறு, அதாவது உண்மையில் 50-ஐத் தாண்டாதவாறு, 18 நாளும் வைத்திருந்தேன். கடைசி மூன்று நாளும் திரையில் 55-ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டேன். நிறுத்துக் குறித்த 12 முட்டைகள் 532 கிராமிலிருந்து 468-க்கு இறங்கின. உயிரோடிருந்த 25 முட்டைகளில் 22 பொரித்தன. கோழியும் அதே கோழி, சேவலும் அதே சேவல்.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்சாரைச் சோதிக்கும் வழி அதில் ஓரிடத்திலும் இல்லை. ஈரம் போதாவிட்டால் பள்ளங்களை விளிம்புவரை நிரப்பச் சொல்கிறது. ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் பரப்பே ஒழிய ஆழம் அன்று என்பதால், இரண்டாம் பள்ளத்தைத் திறக்கலாமா வேண்டாமா என்பதுதான் பயனுள்ள குறிப்பாக இருந்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, வறண்ட ஊர்களில் காற்றுத் துளைகளை மூடிவிடச் சொல்லும் வரி. கடைசி நாள்களில் குஞ்சுக்கு உயிர்க்காற்றுத் தேவை கூடும்போது துளையை அடைப்பது என்ன நியாயம்? பாலக்காட்டுக் கணவாயின் ஈரக் காற்று வாங்கும் பொள்ளாச்சிக்காரருக்கும், வானம் பார்த்த காங்கேயத்துக்காரிக்கும் ஒரே அளவு தண்ணீரைச் சொல்லும் கையேடு, எண்ணை மட்டுமே நம்பச் சொல்கிறது. அந்த எண்ணோ பொய்.

ஆகவே, வாரண்டிக் காலத்துக்குள் குறைபாடு உறுதியாகிவிட்டதால், இயந்திரத்தைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 9,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். செத்த 54 குஞ்சுகளுக்கு, ஒரு நாள் குஞ்சை நான் விற்கும் 60 ரூபாய் வீதம், 3,240 ரூபாய் இழப்பீடாகத் தர வேண்டும். கூடவே, இதே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த, விற்றுவிட்ட மற்ற இயந்திரங்களின் சென்சார்களைச் சோதித்து, வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். என்னைப்போல் தராசு வைத்திராத பலர் இந்நேரம் தங்கள் சேவலை மாற்றியிருப்பார்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீது, வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகல்கள், எடைக் குறிப்பேட்டின் பக்கங்கள், உப்புச் சோதனையின்போது இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க எடுத்த படங்கள், உடைத்த முட்டைகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். சென்சாரைப் பார்க்கத் தங்கள் ஆள் வருவதானால் முந்தின நாளே தெரிவிக்கவும். உப்புச் சோதனைக்கு ஓர் இரவு தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்